திருமுக்கூடல்: கல்லில் எழுதிய கணக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐயம்பேட்டையில் தறியோசை கேட்கும் தெருக்களை விட்டுக் கிழக்கே வாலாஜாபாத் வந்து, அங்கிருந்து தெற்கே செங்கற்பட்டுச் சாலையில் சென்றால் பழையசீவரம் என்னும் ஊர் வரும். சாலையை ஒட்டி ஒரு சிறு குன்று. குன்றின்மேல் இலட்சுமி நரசிம்மர் கோயில். குன்றின் அடியில் பாலாறு. ஆற்றுக்கு அக்கரையில், பாலத்தைக் கடந்ததும் காணப்படுவது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் ஆதலின் இப்பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்குக் கூடுவது மணலே. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோதுதான் இளைய தலைமுறையினர் பலர் அப்பெயரின் பொருளைக் கண்ணாரக் கண்டனர்.

காஞ்சி வட்டாரத்தின் வரலாறு என்றவுடன் எவர் நாவிலும் முதலில் வருவது உத்தரமேரூர். முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, பள்ளிப் பாடநூலில் இடம்பெற்று, மேடைதோறும் முழங்கப்பெற்று, இன்று மாணவர்க்கு மனப்பாடமாகிவிட்டன. அதன் புகழ் நியாயமானதே. ஆயினும் ஒரு பெருமரத்தின் நிழலில் சிறு செடிகள் கண்ணுக்குப் படாமற் போவது போல, உத்தரமேரூரின் புகழ் நிழலில் மறைந்து நிற்கும் ஊர்கள் பல. பாரதம் படிப்பதற்கென்று பங்கு ஒதுக்கிய பல்லவச் செப்பேட்டை உடைய கூரம் அவற்றுள் ஒன்று. திருமுக்கூடல் மற்றொன்று. கூரத்தைப் பற்றி வேறொரு நாள் விரிவாகப் பேசலாம். இவ்வுரை திருமுக்கூடலோடு நிற்கும்.

ஐயம்பேட்டைக்கும் திருமுக்கூடலுக்கும் இடையே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உறவு ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலை ஒட்டி நிகழும் பார்வேட்டை உற்சவத்தில் காஞ்சி வரதராசர், முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் சென்று மலையேறுகிறார். வழிநெடுக மண்டகப்படி. பின்னர்ப் பழையசீவரத்து நரசிம்மரையும் உடன் அழைத்துக்கொண்டு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்ப் பெருமாள்களும் அங்கு வந்து கூட, திருமுக்கூடலின் அப்பன் வேங்கடேசருடன் சேர்த்து ஐந்து பெருமாள்கள் ஓரிடத்தில் காட்சி தருகின்றனர். ஆறு மூன்று, பெருமாள் ஐவர் என்று ஊரார் வேடிக்கையாகக் கணக்குச் சொல்லலாம். வரதர் தம் தெருவழியே போவதைக் கண்டு தேங்காய் உடைக்கும் நெசவாளர் குடும்பங்கள், அவர் போய்ச் சேரும் கோயிலின் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும்.

அக்கோயில் சோழர்க்கும் முற்பட்டது. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் ஆட்சிக்காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அங்கு நந்தாவிளக்கு எரிக்கப் பொன் கொடுத்த செய்தி கல்லில் உள்ளது. அடுத்து வந்த சோழ மன்னர் பலரின் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. விளக்கு, நிலம், ஆடு, பொன் என்று அவை பெரும்பாலும் தமிழகத்தின் எந்தக் கோயிலிலும் காணக்கூடிய செய்திகளையே கூறும். அவற்றுக்கு இடையே, முதற் பிராகாரத்தின் கிழக்குச் சுவரில், 55 நீண்ட வரிகளில் அமைந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக்கு உரியது, கி.பி. 1067-68. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவினர் 1915ஆம் ஆண்டில் இதனைப் படியெடுத்தனர். கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதனை ஆராய்ந்து 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். எண்ணூற்றைம்பது ஆண்டுகள் சுவரில் இருந்தும் படிப்பாரின்றிக் கிடந்த ஓர் ஊரின் குரல் அவ்வாறுதான் மீண்டும் காதில் விழுந்தது.

கல்வெட்டின் தொடக்கம் மெய்க்கீர்த்தி. வீரராசேந்திரன் சளுக்கரை வென்றது, வேங்கியை மீட்டது, பகைவர் தலைகளைக் கொய்தது என்று போர்முழக்கம் நீண்டு செல்கிறது. அவனுடைய வெற்றிகளுள் தலையாயது கூடல் சங்கமத்துப் போர். கன்னட நாட்டில் ஆறுகள் கூடும் துறை ஒன்றில் நிகழ்ந்த வெற்றியை, தொண்டை நாட்டில் ஆறுகள் கூடும் துறையொன்றின் கோயிற் சுவர் பாடிக்கொண்டிருக்கிறது. இது தற்செயல்தான், எனினும் கவிஞர் எவரும் விட்டுவிட மனம் வராத தற்செயல். அதனினும் வியப்புக்குரியது வேறொன்று. கூடல் சங்கமத்தில் தோற்றவன் என்று இம்மெய்க்கீர்த்தி இழித்துப் பேசும் சளுக்க மன்னன் முதலாம் சோமேசுவரன், ஆகவமல்லன் என்று பெயர் பெற்றவன், 1068ஆம் ஆண்டில் தீராத காய்ச்சலுக்கு ஆளானான். மருத்துவர் கைவிட்டபின், துங்கபத்திரையில் இறங்கித் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான். அவன் மகனின் அவைப்புலவன் பில்கணன் தன் வடமொழிக் காப்பியத்தில் இந்நிகழ்ச்சியைப் பாடியுள்ளான். பகைவேந்தன் நோய்க்கு மருந்தின்றி ஆற்றில் மூழ்கிய அதே காலத்தில், வென்ற வேந்தனின் நாட்டில் மூன்றாற்றுக் கூடலில் நோயாளர்க்கு மருந்து அளந்து வைக்கும் ஏற்பாடு கல்லில் எழுதப்பட்டது. அரசியல் வரலாற்று நூல்கள் முன்னதை விரித்துரைக்கும். பின்னதை அடிக்குறிப்பில் வைக்கும்.

மெய்க்கீர்த்தி முடிந்ததும் நடை மாறுகிறது. அடுக்குமொழி அடங்கி, அலுவலகத் தமிழ் தொடங்குகிறது. மன்னன் கங்கைகொண்ட சோழபுரத்தில், சோழகேரளன் என்னும் மாளிகையில், இராசேந்திரசோழ மாவலி வாணராசன் என்று பெயரிட்ட அரியணையில் வீற்றிருந்து ஆணையிட்டான் என்று இடம் சுட்டப்படுகிறது. வயலைக்காவூர் என்னும் ஊரிலிருந்து வரவேண்டிய 75 கழஞ்சு பொன் திருமுக்கூடல் மகாவிட்டுணுவின் கோயிலுக்கே சேர வேண்டும் என்பது ஆணை. அவ்வூர் இன்றும் வயலாக்காவூர் என்ற பெயரோடு அதே வட்டாரத்தில் உள்ளது. ஆணையை எழுதியவர், கேட்டவர், பதிந்தவர் என்று அதிகாரிகளின் வரிசை ஒன்று தொடர்கிறது. இப்பகுதி படிப்பவர்க்குச் சலிப்பூட்டும், ஒப்புக்கொள்ள வேண்டியதே. சலிப்பைத் தாங்கிக்கொண்டு மேலே சென்றவர்க்குத்தான் ஊர் கண்ணில் படும்.

வருவாய் வந்தது. அது எப்படிச் செலவாக வேண்டும் என்பதே எஞ்சிய வரிகள் முழுதும். வழிபாடு, திருவிழா, திருவமுது ஆகியவற்றுக்கான நெல்லும் காசும் முதலில் ஒதுக்கப்படுகின்றன. அடுத்து வருவது சனநாத மண்டபம். மாதவன் என்னும் வைசியர் கட்டுவித்த இம்மண்டபத்தில் ஒரு பள்ளி, மாணவர் தங்கும் விடுதி, ஒரு மருத்துவமனை ஆகிய மூன்றும் இயங்கின. பள்ளியில் இருக்குவேதம் ஓதுவார் பதின்மர், எசுர்வேதம் ஓதுவார் பதின்மர், வியாகரணமும் ரூபாவதாரமும் கற்பார் இருபதின்மர். இவர்களோடு பாஞ்சராத்திரர், வைகானசர், சிவப்பிராமணர் முதலியோரும் சேர அறுபதின்மர்க்கு நாள்தோறும் உணவு. படுக்கப் பாய். இரவில் எரிக்க விளக்கெண்ணெய். சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். குடிநீருக்கு மணமூட்ட ஏலமும் இலாமிச்சை வேரும் கூட மறக்கப்படவில்லை. ஓராண்டில் எத்தனைச் சனிக்கிழமை என்று எண்ணி எண்ணெயை அளந்த அந்தக் கணக்கர் யாரோ, அவர் தமிழ்க் கவிஞர்களின் மரியாதைக்கு உரியவர். கல்விக்கொடை என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எண்ணெயை அளப்பது எளிதன்று.

பாடநூலாகிய ரூபாவதாரம் பாணினியின் இலக்கணத்தைத் தொடக்க மாணவர்க்கு எளிமையாக்கித் தருவது. அதனை இயற்றிய தர்மகீர்த்தி ஒரு பௌத்தத் துறவி என்பர். திருமால் கோயிலின் மண்டபத்தில், சிவப்பிராமணரும் உடனிருந்து உண்ண, பௌத்தர் எழுதிய இலக்கணம் கற்பிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் இயங்கிய கல்லூரியிலும் அந்நூல் பாடமாக இருந்தது. அங்கு மாணவர் 340 பேர். அதனோடு ஒப்பிட்டால் திருமுக்கூடல் சிறு பள்ளிதான்.

இனி மருத்துவமனை. கல்வெட்டு அதனை ஆதுலர்சாலை என்கிறது. அதற்கு இட்ட பெயர் வீரசோழன். ஆதுலர் என்பார் நோயுற்றோர். நோயுற்றுக் கிடப்பார் பதினைவர்க்கு இடம். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. பணியாளர் வரிசை இவ்வாறு அமைகிறது: மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகை பறித்துவந்து விறகு கொணர்ந்து மருந்து அடுவோர் இருவர், நோயாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்வார் ஒருவர். பதினைந்து நோயாளிக்கு எட்டுப் பணியாளர். இன்றைய மருத்துவமனை எதனோடும் இவ்விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட்டால் வெட்கம் யாருக்கு என்பது கேட்போர் விருப்பம்.

ஊதியக் கணக்கில்தான் இக்கல்வெட்டின் சுவையெல்லாம் அடங்கியுள்ளது. அளவைகளை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். எட்டு நாழி ஒரு குறுணி. இரு குறுணி ஒரு பதக்கு. நான்கு குறுணி ஒரு தூணி. பன்னிரு குறுணி ஒரு கலம். ஆண்டுக்கு 360 நாள். மருத்துவர்க்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 90 கலம். அதனோடு 8 காசு. வேதம் கற்பிப்பார் இருவர்க்கும் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு பதக்கு, ஆண்டுக்கு 60 கலம். அதனோடு 4 காசு. வியாகரணம் கற்பிப்பவர்க்கோ நாளொன்றுக்கு ஒரு தூணி, ஆண்டுக்கு 120 கலம். அதனோடு 10 காசு. கவிஞர்களும் புலவர்களும் நிறைந்த இவ்வவையில் இதனை மீண்டும் ஒருமுறை சொல்லலாம்: திருமுக்கூடலில் மருத்துவரைவிட இலக்கண ஆசிரியர்க்கு ஊதியம் மிகுதி. வேதம் ஓதுவிப்பாரை நோக்க இருமடங்கு நெல். இன்றைய தமிழாசிரியர் எவரேனும் ஊதிய உயர்வு கேட்டு மனு எழுதினால் வீரராசேந்திரனைச் சான்றுக்கு அழைக்கலாம். ஆனால் அங்குக் கற்பிக்கப்பட்டது வடமொழி இலக்கணம். தமிழ் இலக்கணத்துக்கு அம்மண்டபத்தில் இடம் இல்லை. ஆசிரியர், மாணவர், நோயாளி, நாவிதர் அனைவர்க்கும் படியளந்த கணக்கை எழுத மட்டும் தமிழ் வேண்டியிருந்தது.

அறுவை மருத்துவர்க்கு ஆண்டுக்கு 30 கலம். மூலிகை பறிப்பார் இருவர்க்கும் சேர்த்து 60 கலம், அதாவது தலைக்கு 30 கலம். இருவர்க்கும் 2 காசு. நெல்லளவில் நோக்கின், உடலைக் கீறுபவனும் காட்டில் வேர் தோண்டுபவனும் ஒரே நிலை. இதிலிருந்து அக்காலத்தில் அறுவை மருத்துவம் மதிப்பிழந்துவிட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. மூலிகை அறிந்தவனின் மதிப்பு உயர்ந்திருந்தது என்றும் அதே எண்களைக் கொண்டு வாதிடலாம். மருந்துக்குரிய வேர் எது, நஞ்சு எது என்று அறியாதவனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு எந்த மருத்துவரும் நிம்மதியாக உறங்க முடியாது.

வரிசையின் கடைசியில் நிற்போர் நால்வர். பேணும் பெண்டிர் இருவர்க்கும் சேர்த்து 30 கலம் நெல்லும் 1 காசும். நாவிதர்க்கு 15 கலம். தண்ணீர் கொணர்வார்க்கு 15 கலம். ஆக, நெல்லளவில் நால்வர்க்கும் நாளொன்றுக்கு நான்கு நாழி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பதே பெருவழக்கான கணக்கு. அதன்படி நான்கு நாழி நெல் குத்தினால் கிடைப்பது ஒன்றரை நாழிக்குச் சற்றே கூடுதலான அரிசி. நோயாளிக்கு அளப்பது ஒரு நாழி. பதினைந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, மருந்தூட்டி, இரவில் அந்த ஒற்றை விளக்கின் கீழ் கண்விழித்திருந்த பெண்ணுக்கு, தான் சோறூட்டிய நோயாளி ஒருவனின் பங்கைவிட அரை நாழி அரிசிதான் மிகுதி. அதில் அவள் தானும் உண்டு, வீட்டில் இருப்போர்க்கும் உலை வைக்க வேண்டும். தலைக்கு அரைக் காசு வேறு.

மருத்துவரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஊர், கோத்திரம், தந்தை, தன் பெயர் என்று முழுமையாக எழுதியுள்ளனர். அப்பணி வழிவழியாக அவர் குடிக்கு உரியது. அறுவை மருத்துவர்க்குப் பெயர் இல்லை. 'ஒருவன்' என்பதோடு சரி. பெண்டிர் 'இருவர்'. அவ்வளவே. மண்டபத்தின் பெயர், மருத்துவமனையின் பெயர், அரண்மனையின் பெயர், அரியணையின் பெயர் கூட எழுதிவைத்த கல், அவர்களின் பெயரை எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டது. அரியணைக்குப் பெயர் இருக்கிறது, மருந்தூட்டியவளுக்கு இல்லை.

மருந்துகளின் பட்டியலோ பெயர்களால் நிரம்பி வழிகிறது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டியவை என ஏறத்தாழ இருபது. வாசா அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி என்று கடுக்காயை அடியாகக் கொண்டவை சில. இவற்றுள் வாசா என்பது ஆடாதொடை, பல்லாதகம் சேங்கொட்டை. பலா கேரண்ட தைலம், பஞ்சக தைலம், லசுனாதி ஏரண்ட தைலம் முதலாகத் தைலங்கள் சில; லசுனம் பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு. வில்வாதி கிருதம் போன்ற நெய்கள். மண்டூகர வடிகை, விமலை, சுனேத்திரி, தாம்ராதி, வச்சிரகற்பம், கல்யாணக இலவணம். இவற்றுட் பல சரகர், சுசுருதர் முதலியோர் நூல்களில் காணப்படுபவை என்று மருத்துவ வரலாற்று ஆய்வாளர் அடையாளம் கண்டுள்ளனர். சுனேத்திரி என்பது கண்ணுக்குரியது என்று பெயரே காட்டிக்கொடுக்கிறது. வடமொழிப் பெயர்களை விலக்கிப் பார்த்தால் ஆடாதொடை, கடுக்காய், சேங்கொட்டை, பூண்டு, ஆமணக்கு, வில்வம்: பாலாற்றங்கரை வேலியோரத்திலும் கிழவியர் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவையே மிகுதி. மூலிகை பறிக்கும் அவ்விருவரும் எங்கு நடந்திருப்பர் என்பதை அறிய அகராதி தேவையில்லை.

இக்கல்வெட்டைப் பற்றி மேடைகளில் பேசப்படுவனவற்றுள் திருத்தத்தக்கவை சில உள. உலகின் முதல் மருத்துவமனை என்பர் சிலர். அவ்வாறு சொல்வதற்கில்லை. இலங்கையின் மிகிந்தலையில், மலையடிவாரத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மருத்துவமனையின் அடித்தளமும், நோயாளியைக் கிடத்தி மருந்துநீரில் ஊறவைக்கும் கல்தொட்டியும் இன்றும் உள்ளன. அதே மலையில் நான்காம் மகிந்தன் 10ஆம் நூற்றாண்டில் நாட்டிய இரு கற்பலகைகள், விகாரத்தின் பணியாளர்க்கு உரிய ஊதியத்தைத் திருமுக்கூடலைப் போலவே நுணுக்கமாகப் பட்டியலிடுகின்றன. கடலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே வகைக் கணக்கர்கள் வாழ்ந்திருக்கின்றனர். மேற்கே பிரான்சு நாட்டின் போன் நகரில் 1443ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நோயாளர் விடுதி, வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்றும் நின்று, ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. திருமுக்கூடலில் பதினைந்து நோயாளர் கிடந்த இடத்தைச் சுட்டிக்காட்டக் கல்லெழுத்தன்றி வேறெதுவும் இல்லை. முந்தியது எது, பிந்தியது எது என்னும் போட்டியில் திருமுக்கூடலுக்குப் பரிசு கிடைக்காது. அது வேண்டுவதும் இல்லை.

ஊர்மக்கள் அனைவர்க்கும் திறந்திருந்த இலவச மருத்துவமனை என்பது மற்றொரு மிகை. பள்ளி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே இது அமைந்தது என ஆய்வாளர் கருதுவர். பள்ளியில் கற்றோரும் வேதம் ஓதும் குலத்தவரே. வயலைக்காவூரில் உழுதவன் காய்ச்சலில் விழுந்தால் அவனுக்கு அங்கே பாய் விரித்திருப்பார்களா என்ற கேள்வியைக் கல்வெட்டைப் படிப்பவர் தள்ளிவிட்டுப் போகலாகாது. அவன் விளைவித்த நெல்தான் தூணியாகவும் பதக்காகவும் நாழியாகவும் அம்மண்டபத்தில் அளக்கப்பட்டது. பெருமையைப் பேசுவோர் இப்பகுதியை விட்டுவிட, பழிப்பதையே தொழிலாகக் கொண்டோர் இதனை மட்டுமே பேசுவர். இரண்டும் 55 வரிகளில் உள்ளன. இரண்டையும் படிக்கத்தான் வேண்டும்.

நெசவாளர் ஊரில் நிகழும் உரை ஆதலின் ஒரு செய்தியை இங்கு ஒப்பிட்டுச் சொல்வது பொருந்தும். சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிருவாகம் பற்றியது அது. அரசர்க்குரிய ஆடை நெய்த பட்டசாலியர் வாழ்ந்த பாடிகளைக் குறிப்பிட்டு, கோயிற் காரியத்தையும் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பை அவர்களிடம் அச்செப்பேடு ஒப்படைக்கிறது. பாவும் ஊடையும் தவறாமல் எண்ணத் தெரிந்தவனிடம் கோயிற் கணக்கையும் கொடுக்கலாம் என்று மன்னன் கருதியிருக்க வேண்டும். தறியில் அமர்ந்தவர்க்கு ஓர் இழை பிசகினால் சேலையே பிசகும் என்பது தெரியும். ஐயம்பேட்டையின் மூத்த நெசவாளர் ஒருவரிடம் திருமுக்கூடல் கல்வெட்டின் ஊதியப் பகுதியை வாசித்துக் காட்டினால், வேத பாடசாலையைப் பற்றி அவர் வினவமாட்டார். நான்கு நாழிக்கு எத்தனை நாள் வேலை என்றுதான் முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

கவிஞர்கள் பலர்க்குக் கல்வெட்டு என்றால் மெய்க்கீர்த்திதான். ஆசிரியப்பா நடையில், அடுக்கடுக்காய், யானையும் குதிரையும் குருதியுமாகச் செல்லும் அப்பகுதியை இலக்கிய வரலாற்று நூல்கள் எடுத்துக்காட்டும். அதன்பின் வரும் உரைநடையை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும் உரையாசிரியர்களின் நடையை விட்டுவிட்டால், பதினோராம் நூற்றாண்டில் தமிழர் தம் அன்றாடக் காரியங்களை எவ்வாறு எழுதினர் என்பதை இவ்வுரைநடை அன்றி வேறெங்கும் இவ்வளவு நெருக்கத்தில் காண இயலாது. இங்கு வினைமுற்று அரிது. வாக்கியம் முடிவதே இல்லை. 'க்கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றே திரும்பத் திரும்ப வந்து கோத்துக்கொண்டு போகிறது. அவனுக்கு, அவளுக்கு, விளக்குக்கு, எண்ணெய்க்கு, நோயாளிக்கு. யாருக்கு என்னும் சொல் மட்டுமே எஞ்சிய நடை அது. புதுக்கவிதை எழுதுவோர் சொற்சிக்கனத்துக்கு வேறு நாட்டாரைத் தேடிச் செல்வதற்கு முன் ஒருமுறை பாலாற்றைக் கடந்து வரலாம்.

கடப்பது இன்று எளிது. பாலம் இருக்கிறது. ஆனால் பாலத்தில் தனியே நடப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திருமுக்கூடலைச் சுற்றியுள்ள குன்றுகளில் கல்குவாரிகள் இயங்குவதால் சல்லியும் கல்தூளும் ஏற்றிய லாரிகள் இடைவிடாமல் கடக்கின்றன. பாரம் தாங்காமல் பாலம் பழுதுபட்டதும் உண்டு. பாலாற்று மணல் பல ஆண்டுகள் அள்ளப்பட்டுச் சென்னையின் மாடிவீடுகளாக எழுந்தது. குன்றுகள் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. கல்லில் எழுதினால் நிலைக்கும் என்று நம்பிய ஊர் அது. கோயிலும் கல்வெட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. வேலியும் அறிவிப்புப் பலகையும் இருக்கின்றன. எழுத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் இல்லாவிடில், பலகைக்கு அப்பால் இருப்பது கோடு கீறிய சுவராகத்தான் வருவோர்க்குத் தெரியும். பார்வேட்டை நாளில் அங்குக் கூடும் ஆயிரக்கணக்கானோர் சுவரில் கைவைத்துச் சாய்ந்து இளைப்பாறுகின்றனர். அவர்களுக்கு ஒருநாள் ஒருவர் அதைப் படித்துக் காட்டுவது இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகலாம். ஓலிபெருக்கி தேவையில்லை, ஊதியப் பகுதியை மட்டும், மெதுவாக.

மருந்துப் பட்டியலின் இறுதிப் பகுதியில் புராண சர்ப்பி என்று ஒன்று வருகிறது. பழநெய் என்று பொருள். பசுநெய்யைப் பல ஆண்டுகள் இருப்பில் வைத்துப் பழமையேற்றினால் அது மனநோய்க்கும் வலிப்புக்கும் பிற கொடிய நோய்களுக்கும் மருந்தாகும் என்பது பழைய மருத்துவ நூல்களின் கொள்கை. நெய் எத்துணைப் பழையதோ அத்துணைச் சிறந்தது. திருமுக்கூடலில் இதற்கென ஆண்டுதோறும் புதிய நெய் எடுத்துவைக்க ஒதுக்கீடு செய்துள்ளனர். வாசா அரீதகி இவ்வாண்டு நோயாளிக்கு. வடிகை இவ்வாண்டு நோயாளிக்கு. இந்நெய்யோ பல ஆண்டுகள் கழித்து அப்பாயில் வந்து கிடக்கப்போகும் ஒருவனுக்கு. ஒருவேளை அன்று பிறந்தே இராத ஒருவனுக்கு. வீரராசேந்திரன் 1070ஆம் ஆண்டில் இறந்தான். அடுத்து அரியணை ஏறிய அவன் மகன் அதிராசேந்திரன் சில மாதங்களிலேயே கலகத்தில் மாண்டான்; ஆட்சி வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கன் கைக்கு மாறியது. ஐந்தாம் ஆட்சியாண்டில் முதன்முதலாகச் சாடியில் ஊற்றி மூடிய நெய்க்கு அப்போது மூன்று வயது.